தக்காளி போடாத சாஸ்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் பதில் எழுதவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மே மாதம் அம்மா வந்தாள். அவளுக்கு முட்டிவலி, சின்னவனுக்குப் பள்ளி விடுமுறை, இப்படியே நாள் ஓடிவிட்டது. உன் மகள் ஆஸ்டினில் சேர்ந்துவிட்டாள் என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் கல்யாணத்துக்குப் போய்வந்தது நேத்து மாதிரி இருக்கு, அவன் பொண்ணு காலேஜ் போறாளா?" என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நானும் இரண்டு தடவை படித்தேன். கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கிற அடுப்பு, ஸ்மோக்கர், நீ வாங்கியது நல்ல காரியம்டா. நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு நாள் போவது தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மாட்டு நெஞ்சுக்கறி பிரிஸ்கட் கைவந்துவிட்டது, அடுத்து பன்றிக்கறியை வேகவைத்துப் பிய்த்துப் போடுகிற புல்ட் போர்க் செய்யப் போகிறேன், நார்த் கரோலினாவில் இருக்கிறவன் நீதானே சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வினிகர் சாஸ் தண்ணீராக ஓடுகிறது, அதில் என்ன இருக்கிறது, நான் கெட்டியான சிவப்பு சாஸையே ஊற்றிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் புகையில் வைத்து எடுத்த கறியின் மேல் அந்த இனிப்பு சாஸை ஊற்றினால் நீ பட்ட பாடு எல்லாம் அதற்கு அடியில் போய்விடும். டல்லாஸில் மாட்டுக்கறிக்கு உப்பும் மிளகும் மட்டும் போதும் என்று சண்டை போடுகிறவன், பன்றிக்கறிக்கு மட்டும் ஏன் இப்படி இறங்கிவருகிறாய்?

நான் இருக்கும் ராலே, இந்த மாநிலத்தின் கிழக்குப் பாணிக்கும் மேற்குப் பாணிக்கும் நடுவே, ஏறக்குறைய எல்லைக்கோட்டில் இருக்கிறது. கிழக்கே போனால் முழுப் பன்றியைத் தணலில் வாட்டுவார்கள், சாஸ் என்றால் வினிகர், உப்பு, மிளகு, மிளகாய், அவ்வளவுதான், தக்காளி பக்கத்திலேயே வரக்கூடாது. மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் தோள்பட்டைக் கறி மட்டும்தான், சாஸில் கொஞ்சம் கெச்சப் சேர்ப்பார்கள். அதை அவர்கள் சாஸ் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'டிப்' என்பார்கள். கோஸ் சாலட்டையும் அதிலேயே பிசைந்து சிவப்பாக வைப்பார்கள். 1984ல் தொடங்கி, அக்டோபரில் அந்த ஊரில் பார்பிக்யூ திருவிழா நடக்கிறது. தெற்கே சவுத் கரோலினாவின் நடுப்பகுதிக்குப் போனால் மஞ்சள் நிறத்தில் கடுகு சாஸ், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். இவர்கள் எல்லாரும் சண்டை போடுகிற சண்டையைப் பார்த்தால் மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கலாமா கூடாதா என்று நம் ஊரில் நடக்கிற சண்டை ஞாபகம் வரும். நான் கிழக்குக் கட்சி. மேற்கையும் விரும்பித்தான் சாப்பிடுவேன், ஆனால் மனசு கிழக்கில்தான்.

அதற்குக் காரணம் ஏய்டன் என்கிற சின்ன ஊர். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே ஸ்கைலைட் இன் என்று ஒரு கடை, 1947ல் பீட் ஜோன்ஸ் ஆரம்பித்தது, கூரைமேல் வாஷிங்டனில் இருக்கிற நாடாளுமன்றக் கட்டடம் கேப்பிட்டல் போலவே ஒரு குவிமாடம் வைத்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் ஓக் விறகு அடுக்கிக் கிடக்கும். உள்ளே நுழைந்தால் முதலில் கேட்பது சத்தம்தான். ஒரு தடித்த மரக்கட்டை, அதன்மேல் இரண்டு கையிலும் இரண்டு வெட்டுக்கத்தி, டக்டக்கென்று நம் ஊர் கொத்துப் பரோட்டா மாதிரியே தாளம். கறியைக் கொத்துகிறவர் முறுகிய தோலையும் அதோடு சேர்த்துக் கொத்துகிறார், நடுவில் கையை நீட்டி உப்பு, வினிகர், மிளகாய் சாஸ் எல்லாவற்றையும் கட்டையின் மேலேயே ஊற்றிப் புரட்டுகிறார். கவனித்தாயா? சாஸ் கறியின் மேலே போகவில்லை, கறிக்குள்ளே போகிறது. காகிதத் தட்டில் கறி, அதன்மேல் ஒரு பலகை மாதிரி சோள ரொட்டி, கோஸ் சாலட். முதல் வாயில் கொழுப்பு நாக்கில் படியும்போதே பின்னாலேயே அந்தப் புளிப்பு வந்து அதைத் துடைத்து எடுத்துவிடுகிறது, நடுநடுவே தோல் மொறுமொறுவென்று கடிபடுகிறது. கறி விருந்து முடிந்து கடைசியில் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அந்த வேலையை இங்கே ஒவ்வொரு வாயிலும் வினிகர் செய்கிறது. கல்லூரி டூரில் கோவாவில் நீ மூன்று தட்டு விண்டாலு சாப்பிட்டாயே, அதுவும் பன்றியும் வினிகரும் பூண்டும்தான், போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. இந்த ஜோடி உனக்குப் புதிதில்லை.

இனி செய்முறை. கறிக்கடையில் 'பாஸ்டன் பட்' என்று கேள். பெயரைப் பார்த்துப் பின்பக்கம் என்று நினைக்காதே, அது முன்காலுக்கு மேலே இருக்கும் தோள்பட்டை. எலும்போடு 8 பவுண்டு அளவில் வாங்கு. கொழுப்பும் சவ்வும் நிறைய இருக்க வேண்டும், அந்தச் சவ்வுதான் மெதுவாக உருகிக் கறியைப் பஞ்சாக ஆக்கும். முதல் நாள் இரவே பவுண்டுக்கு அரை டீஸ்பூன் கோஷர் உப்பு, பரல் பரலாக இருக்குமே அது, தடவி மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. மசாலாவில் உள்ளே இறங்குவது உப்பு மட்டும்தான், மற்றதெல்லாம் மேலேயே நின்று கருப்பு ஓடாக மாறுகிறது, அதனால் உப்பை முந்தியே போடுவதும் மற்றதைக் காலையில் தடவுவதும் சரியாக வருகிறது.

எந்த மசாலா என்று கேட்டிருந்தாய். மெம்ஃபிஸ் ஆட்கள் பாப்ரிக்கா என்கிற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள், பிரவுன் சுகர், பூண்டுத் தூள், கேயன் மிளகாய் என்று சிவக்கச் சிவக்கத் தடவுவார்கள். கன்சாஸ் சிட்டியில் இனிப்பு இன்னும் தூக்கல். உன் ஊரில் உப்பும் மிளகும். எங்கள் கிழக்கில் உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள், முடிந்தது. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். வீட்டுக் கறிமசால் தூளைக்கூடத் தடவினேன், நன்றாக வரும் என்று ரொம்ப நம்பினேன், வரவில்லை. பட்டையும் சோம்பும் புகையோடு ஒத்துப்போகவில்லை, இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே நின்றன. இப்போது கரகரப்பாக இடித்த மிளகு இரண்டு பங்கு, பாப்ரிக்கா ஒரு பங்கு, மிளகாய்த்தூள் அரைப் பங்கு, பிரவுன் சுகர் ஒரு பங்கு, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். சர்க்கரை அந்த ஓட்டுக்கு நல்ல நிறம் கொடுக்கிறது, சூடு 250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கருகாது.

நெருப்பைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை. பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், கோல்ட்ஸ்போரோ பக்கத்துக் கிராமத்துக்காரர், கறுப்பினத்தவர். புகையிலை அறுவடை முடிந்ததும் அவருடைய அப்பா குழி தோண்டி ராத்திரி முழுக்கப் பன்றி வாட்டுவாராம். அடிமைக் காலத்திலிருந்தே இந்தத் தெற்கில் குழியருகே கண்விழித்தவர்கள் பெரும்பாலும் இவருடைய முன்னோர்கள்தான், பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும். 2018ல் சவுத் கரோலினாவின் ஹெமிங்வே ஊர்க்காரர் ராட்னி ஸ்காட்டுக்கு, சமையல்காரர்களுக்குக் கொடுக்கிற பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விறகைத் தனியாக ஒரு பீப்பாயில் எரித்து, தணலை மட்டும் மண்வெட்டியால் அள்ளிக் கறிக்கடியில் போடுகிற பழைய முறைக்காரர் ஸ்காட். பெரியவருக்கு இப்போது தோள் வலி, விறகு தூக்க முடியாது. அதனால் ஜூலையில் அவர்கள் வீட்டு ஒன்றுகூடலுக்கு நான்தான் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், மொத்தம் மூன்று தோள்பட்டை.

விடிகாலை நான்கு மணிக்குப் பற்றவைத்தேன். அம்மா தூக்கம் வராமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் பன்றிக்கறியைத் தொடமாட்டாள், உனக்குத் தெரியும். ஸ்மோக்கரிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது, நான் அதுதான் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் பார்த்திருப்பாள். "விறகு ஈரம்டா. இந்தப் புகையில எதை வச்சாலும் கசக்கும்" என்றாள். கட்டையை எடுத்து இன்னொரு கட்டையில் தட்டச் சொன்னாள். மொத்தென்று கேட்டது. அடுக்கில் கீழே இருந்ததை எடுத்துத் தட்டினால் கணீரென்று கேட்டது. அதைப் போடு, கதவைக் கொஞ்சம் திறந்து விடு, தணல் ஆனபிறகு கறியை வை என்றாள். பெரியவர் தடியூன்றிக்கொண்டு வந்தபோது புகை மெல்லிசாக நீலம் பாய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் அம்மாவைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, அவர் கையை அசைத்தால் அவள் தலையாட்டுவாள், அவள் விரலைக் காட்டினால் அவர் காற்றுத் துவாரத்தைத் திருகச் சொல்வார். நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவளிடம் இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

உனக்கு ஹிக்கரியோ ஓக்கோ போதும். மெஸ்கீட் வேண்டாம், அது நம் ஊர் சீமைக் கருவேலத்தின் உறவு, நீண்ட நேரம் வைத்தால் புகை காரமாகிவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கறியின் உள்சூடு 150, 160 வரை விறுவிறுவென்று ஏறும், பிறகு நின்றுவிடும். மணிக்கணக்காக நிற்கும். நான் முதல் தடவை வைத்தபோது 162ல் நான்கு மணி நேரம் அசையவே இல்லை, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், பன்றிக்கறிக்கு 145 போதும் என்றுதானே சொல்கிறார்கள் என்று எடுத்து அறுத்துவிட்டேன். ரப்பராக இழுத்தது. வந்தவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் நிற்கிறது என்று பிறகுதான் புரிந்தது. மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறது? கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கறியும் அதையேதான் செய்கிறது, வியர்த்து வியர்த்துத் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. அந்த ஈரம் தீர்ந்தால்தான் மேலே ஏறும். அவசரம் என்றால் 165க்கு மேல், வெளி ஓடு கறுத்து இறுகிய பிறகு, கறிக்கடைக் காகிதத்தில் சுற்றி வை, ஆவி வெளியேறுவது குறைந்து சூடு ஏறும். நான் பெரும்பாலும் சுற்றுவதில்லை, ஓடு மெத்தென்று ஆகிவிடுகிறது. 195லிருந்து 203க்குள் எடு. எண்ணைவிட எலும்பை நம்பு. பிடித்து லேசாகத் திருகினால் அது சுத்தமாகக் கழன்று கையோடு வரவேண்டும். அதன்பிறகு துண்டில் சுற்றி, காலி ஐஸ்பெட்டியில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடு, உடனே பிய்த்தால் சாறு எல்லாம் பலகையில் ஓடிவிடும். 8 பவுண்டு வைத்தால் 5 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும்.

பிய்ப்பதைக் கையாலேயே செய். ரொம்ப நூலாக்காதே. கருத்த ஓட்டைப் பொடியாக நறுக்கி உள்கறியோடு கலந்துவிடு, ஒவ்வொரு வாயிலும் அது வரவேண்டும். சாஸ் இதுதான்: 2 கப் ஆப்பிள் சைடர் வினிகர், 1 மேசைக்கரண்டி பிரவுன் சுகர், 1 மேசைக்கரண்டி சில்லி ஃபிளேக்ஸ், 2 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் மிளகு. அடுப்பே வேண்டாம், பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் போதும். அன்றைக்கே ருசி பார்த்தால் நீ சொன்ன மாதிரி தண்ணீராகவும் காட்டமாகவும்தான் இருக்கும். மீன் குழம்பு மாதிரிதான் இதுவும், இரண்டு நாள் கழித்து மிளகாய் இறங்கி நிறம் மாறி வேறு ஒன்றாக ஆகியிருக்கும். கறி சூடாக இருக்கும்போதே முக்கால் கப் ஊற்றிப் புரட்டு, இரண்டு நிமிஷம் விடு, ருசி பார், போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். இதற்கு மேலும் உனக்குச் சிவப்பு சாஸ் வேண்டும் என்று தோன்றினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் ஒரு தடவை இப்படிச் சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுது.

என் வீட்டுக்காரியும் அம்மாவும் சாப்பிட டப்பாவில் வரும் பலாக்காயை, உப்புத் தண்ணீரில் போட்டதை, பிழிந்து அதே மசாலா தடவி ஸ்மோக்கரின் ஓரத்தில் ஒரு மணி நேரம் வைத்து இதே வினிகரில் புரட்டினேன். அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் அக்டோபர் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறாள். அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் வந்துவிட்டுப் போங்கள். ஒரு நாள் ஏய்டன், ஒரு நாள் லெக்சிங்டன், மற்ற நாள் எங்கள் வீட்டுப் பின்கட்டில். இந்தச் சனிக்கிழமையே அங்கே வைக்கப் போகிறாய் என்றால் வியாழக்கிழமை ராத்திரி சாஸைக் கலந்துவிடு, விறகைத் தட்டிப் பார்க்க மறக்காதே.

அன்புடன்,
உன் மாப்ளே