தீயணைப்பு நிலையக் கட்டடத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு, கல்முனை மாநகர சபைகளின் தீயணைப்புப் பிரிவுகள் என்றாலே வாகனமும் ஆளணியும்தான் பேச்சு. வீரர்கள் இரவிலும் தங்கும் கட்டடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் அறிவித்தது. 2022இல் தீயணைப்புத் தொழிலையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை அடங்கும் அதே முதலாம் பிரிவில் சேர்த்தது.

நிலையத்துக்குள் புகை சேருவது பெரும்பாலும் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுவதால்தான். பிரேக்கின் காற்றுத் தாங்கி கசிந்தால் அழுத்தம் ஏறும்வரை வாகனத்தை நகர்த்த முடியாது. பற்றரி இறங்கிவிடும் என்றும் காலையில் ஸ்டார்ட் செய்வார்கள். குளிர்ந்த எஞ்சினின் புகைதான் மிக மோசம். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசினால் கசியும் இடத்தில் குமிழி வரும். அதைத் திருத்திவிட்டு, தரிப்பிடச் சுவரில் சிறிய கொம்பிரசர் இணைப்பும் பற்றரி சார்ஜரும் பொருத்தினால் வாகனம் எந்நேரமும் தயார். ஓட்டிப் பார்ப்பதை வெளியே செய்யலாம். புகைக் குழாயில் மாட்டும் உறிஞ்சு குழாய் இன்னும் நல்லது, ஆனால் விலை கூட. அது வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை.

படுக்கையறையில் காற்றை வெளியேற்றும் விசிறி பூட்டுவது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கால் தரிப்பிடப் புகையை உள்ளே இழுக்கும். விசிறி தரிப்பிடத்தில் இருக்க வேண்டும். இடைக்கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், அடியிடுக்கில் றப்பர் பட்டி வேண்டும். சுவாசச் சிலிண்டர் நிரப்பும் கொம்பிரசரின் காற்று வாயையும் வாகனப் புகை எட்டாத வெளியிடத்துக்கு மாற்றுங்கள்.

தீக்குப் போய்வந்த அங்கியில் கரிப்படிவு இருக்கும். அது படுக்கையறைக்கு வரக்கூடாது. கழுவி நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் துணியின் வலுவைக் குறைக்கும். மாரியில் ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிப்பதால் விசிறியுள்ள தனியறை தேவை.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் பாசியைத் தண்ணீர் பீய்ச்சியோ தூரிகையால் தேய்த்தோ கழற்றவே கூடாது, நார் கிளம்பும். கையில் நல்ல குழாய் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான்! உடைந்த சீற்றை நனைத்து, மேலும் உடையாமல் இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். பீலியில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்பதால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துப்புரவாக்குவது அவசியம்.

சபைகள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென வாகனச் செலவோடு கலக்காத தனித் தலைப்பு ஒதுக்க வேண்டும். கூரை வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.

கட்டடப் பராமரிப்புத் துறையினர் சிலர்,
மட்டக்களப்பு.