முளைவிட்ட கோதுமையில் ஒரு ரொட்டி

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. சின்னவள் வேலை மாறி ஓசூருக்குப் போய்விட்டாள். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

கடைசியில், முளைகட்டின கோதுமையில் ரொட்டி செய்கிறாயாமே, எப்படி என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக எனக்கு அதே நினைப்புதான். அம்மா கேழ்வரகை ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, அடுக்களை ஆணியில் தொங்கவிடுவாள், ஞாபகமிருக்கிறதா? லீவுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த மூட்டையை மோந்து பார்த்து, மழை பெய்த மண் மாதிரி மணக்கிறது என்றாய். இப்போது என் அடுக்களையில் அதே மணம்.

முதல் தடவை, அல்வாவுக்கு வாங்கி மீதமிருந்த சம்பா கோதுமையைப் போட்டேன். ரொட்டி எழும்பவே இல்லை, செங்கல்லாக உட்கார்ந்துவிட்டது. சம்பா கோதுமை மாவுக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் இழுவை குறைவு. சப்பாத்திக்கு அரைக்க வாங்குவோமே, அந்த வடநாட்டுக் கோதுமைதான் சரி. (உன் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே சம்பா கோதுமையிலும் ரகங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.)

இரண்டாவது தடவைதான் எனக்குப் பாடம். இரண்டு நாள் விட்டேன். முளை விரல் நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது, பார்க்கவே அழகு. ஒரு மணி நேரம் வெந்தும் வெளியே சிவந்து, உள்ளே களியாக இருந்தது. இன்னும் அரை மணி வைத்தும் அப்படியேதான். விதை முளைக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஊறுகிறது, செடி சாப்பிடுவதற்காக. முளை நீள நீள அந்த நொதி பெருகுகிறது. அப்புறம் ரொட்டி நிற்பதற்குப் போதுமான மாவுச்சத்து மிஞ்சாது. அறுவடை சமயத்தில் மழை பெய்து கதிரிலேயே முளைத்த கோதுமையை மில்காரர்கள் வாங்கத் தயங்குவதும் இதனால்தான். கேழ்வரகுக் கூழுக்கு முளை கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை, ரொட்டி அப்படி விடாது. முனையில் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

அரைக் கிலோ கோதுமையை ராத்திரி ஊறவை. காலையில் வடித்து ஈரத் துணியில் கட்டி, காலையும் மாலையும் தண்ணீரில் அலசு. இங்கே வெயிலுக்கு மறுநாள் காலையிலேயே புள்ளி வந்துவிடும். குன்னூர்க் குளிருக்கு இரண்டு நாள்கூட ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காதே, தானியத்தைப் பார். அரைக் கிலோ இப்போது முக்கால் கிலோ கனக்கும். துணியில் பரப்பி மேல் ஈரம் உலர்ந்ததும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அரை. தண்ணீர் ஒன்றிரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். மிக்ஸி சூடானால் மாவும் சூடாகிவிடும், அதற்குத்தான் ஃபிரிட்ஜ்.

ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அதே அளவு ஈஸ்ட், ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிடம் பிசை. கையில் ஒட்டும், மாவு தூவாதே, கையை நனைத்துக்கொள். டின்னில் போட்டு, ஒன்றரை மடங்காக எழும்பியதும் ஓவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம். இரண்டு மடங்கு ஆகட்டும் என்று காத்திருந்தால் அமுங்கிவிடும். அடியில் தட்டினால் வெற்றுக் குடம் மாதிரி சத்தம் வர வேண்டும். அப்புறம் இரண்டு மணி நேரம் கத்தி வைக்காதே. இவருக்குத்தான் பொறுமை இல்லை, சுற்றிச் சுற்றி வருவார்.

ஒரு துளி சர்க்கரை போடாமலே இனிக்கிறது மங்கை. ஆனால் இனிப்பு தானியத்திலிருந்தே வருவது என்பதால், அண்ணனுக்கு ஒரு துண்டோடு நிறுத்திக்கொள். தவிட்டில் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்; முளைகட்டினால் அது குறையும். வயிற்றுக்கும் லேசாகத்தான் தெரிகிறது எனக்கு. கோதுமையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இதுவும் ஆகாது. ஈரப்பதம் அதிகம், இங்கே மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கிறது. நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடு.

நேற்று இரண்டு துண்டைத் தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுட்டு, எள்ளுப் பொடி தூவிச் சாப்பிட்டோம். அம்மா இருந்திருந்தால் முளையைக் கையில் எடுத்துப் பார்த்து, போதும் இறக்கு என்று சொல்லியிருப்பாள். அந்த இரண்டாவது ரொட்டி வீணாகியிருக்காது.

அங்கே புள்ளி வர எத்தனை மணி நேரம் ஆனது என்று அவசியம் எழுது. அண்ணனை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சரசு