பதினாறு ஓட்டு

போரிருவா, நியூசிலாந்து
பிப்ரவரி 2023

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாதது தப்புதான். நேரில் வரும்போது ஆசைதீரத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பள்ளி திறந்துவிட்டது. அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியகுளத்தார் இன்னும் சீட்டுப் பிடிக்கிறாரா? அவர் பக்கம் போகாதே, சொல்லிவிட்டேன்.

"இனி வாக்குச்சாவடிப் பக்கமே போவதில்லை, என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. விடுதித் தேர்தலுக்கு ராத்திரியெல்லாம் பசை காய்ச்சியவனா இப்படி எழுதுகிறான்? என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டில் பதில் கிடைத்தது.

பக்கத்து வீட்டு அம்மா டோக்கெலாவ்காரர், அங்குள்ள அட்டாஃபு தீவில் பிறந்தவர். பசிபிக் கடலில் மூன்று பவளத்தீவுகள், எல்லாம் சேர்த்துச் சுமார் 1,500 பேர், அவ்வளவுதான் டோக்கெலாவ். நியூசிலாந்தின் ஆளுகையில் இருக்கிறது. விமானம் போகாது. சமோவாவின் ஆப்பியாவில் கப்பல் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் பயணம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரியில் பொதுத்தேர்தல் நடக்கிறது. கட்சி, கொடி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தீவும் தனக்கொரு ஃபைபுலேயைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். மூன்று ஃபைபுலேக்களும் ஆளுக்கு ஓராண்டு என்று முறைவைத்து மொத்த நாட்டுக்கும் தலைவராகிறார்கள். தலைநகரும் அவரோடு தீவு மாறிவிடும். எங்கே பார்த்திருக்கிறாய் இப்படி ஒரு ஏற்பாட்டை!

வாக்குப்பதிவு நாளன்று அந்த அம்மா பின்னிய பாதிப் பாயை மடியில் வைத்தபடி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுவிட்ட தம்பி நிற்கிறாராம். பேச்சோடு பேச்சாக 2007-இல் அங்கே நடந்த வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டேன். பின்னிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

முருகேசா, அந்த மக்கள் நியூசிலாந்தோடு உறவை வைத்துக்கொண்டே தன்னாட்சி பெறலாமா என்று இரண்டு முறை வாக்களித்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. 2006-இல் 60 சதவீதம்தான் வந்தது. 2007-இல் பதிவான 692 ஓட்டில் 446 பேர் "வேண்டும்" என்றார்கள். பதினாறு ஓட்டு குறைந்துபோயிற்று. வெறும் பதினாறு! உன் தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து வந்தால் தீர்ந்தது. ஒரு நாட்டின் தலையெழுத்து அதில் நின்றுவிட்டது.

தீவில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு டோக்கெலாவ் மக்கள் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். இங்கே இருந்தவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டில்லை. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவுக்கு வரவில்லை. "அங்கே தரை கடலைவிடச் சில மீட்டர்தான் உயரம். தண்ணீர் ஏறினால் அதில் நிற்கப்போவது அவர்கள். அவர்கள் சொல்லட்டும்" என்றார். பல நாள் யோசித்தும் எனக்கு எதிர்வாதம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பதினாறைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதை நான் கேட்டேன்.

தம்பி ஜெயித்தாரா தோற்றாரா என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவின் மகன் கடலிலிருந்து மீன் கொண்டுவந்தான். அதைத் தரையில் பரப்பி, வீட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணி எண்ணிக் கூறு போட்டார். இனாத்தி என்கிறார்கள் இதை. தீவில் ஊருக்கே இப்படித்தான் பங்கு பிரிப்பார்களாம். எங்கள் வீட்டுக்கு நான்கு பேரின் பங்கு வந்தது. சின்னவளையும் ஒரு முழு ஆளாக எண்ணியிருந்தார்.

அடுத்த ஆண்டு உங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தல். போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் படம் பிடித்து அனுப்பு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
சேகர்