கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதியவர்கள்

ஊத்தான் மெலிந்தாங்

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். உங்கள் தீபாவளி மடல் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். என் கொள்ளுத்தாத்தா முத்துவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தமிழரைத் தேடத் தமிழ் போதும் என்று எண்ணித்தான் இறங்கினேன்.

முதல் அடி தோட்டத்துப் பழைய பேரேட்டில் விழுந்தது. அதன் பெயர் அட்டவணையில் 'எம், யூ' பக்கங்களை இரண்டு நாள் புரட்டியும் ஒரு முத்துகூட அகப்படவில்லை. அந்நாளைய வெள்ளைக்காரத் துரைமார் 'உ' என்னும் ஒலிக்கு இரண்டு 'ஓ' போட்டு எழுதிய வழக்கம் பிறகே நினைவுக்கு வந்தது. 'எம், ஓ, ஓ' என்ற பக்கத்தைத் திறந்தால் முத்துகள் பதினொரு பேர் வரிசையாக நிற்கிறார்கள்! இவர்களில் நம்மவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள, அத்தையின் தகரப்பெட்டியைத்தான் நாட வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியில் ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. 'துன்மதி வருடம் ஆடி மாதம்' என்று தேதியிட்டிருந்தார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர் ஆதலால், அது 1861 ஆகவும் இருக்கலாம், 1921 ஆகவும் இருக்கலாம். மலாயாவில் முதல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் ஊன்றப்பட்டதே 1877-இல்தான் என்பதால், அது 1921 என்று குழப்பம் தீர்ந்தது. ஜப்பானியர் காலத்துச் சீட்டு ஒன்றில் ஆண்டு 2603 என்றிருந்தது. அது ஜப்பானியரின் ஆண்டுக் கணக்கு; 660-ஐக் கழித்து 1943 என்று கொள்ள வேண்டும்.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது ஜாவியில், அதாவது மலாய் மொழியை எழுதும் அரபு வகை எழுத்தில், இருந்த தாள். தாத்தா இந்த வட்டாரத்தில் பல்லாண்டு குடியிருந்தவர் என்று மலாய்க் கிராமத் தலைவர் எழுதிக் கொடுத்தது அது. பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து)ப் பெரியவர் ஒருவர் வலமிருந்து இடமாக விரலோட்டிப் படித்து, "மோத்தோ" என்றார். நான் "முத்து" என்றதும் சிரித்து, அதே எழுத்துகளை அப்படியும் படிக்கலாம் என்றார். ஜாவியில் 'உ'வுக்கும் 'ஓ'வுக்கும் 'வாவ்' என்ற ஒரே எழுத்துதான். படிப்பவருக்கு அந்தப் பெயர் முன்பே பழகியிருந்தால்தான் சரியான ஒலி வரும். அந்தத் தாளில் தோட்டப் பேரேட்டில் அவருக்கிருந்த எண்ணும் இருந்ததால், பதினொருவரில் நம் முத்து பிடிபட்டார்.

அந்தத் தைரியத்தில் சீனர் மளிகைக் கடைக்கும் போனேன். கடைக்காரர் தம் பாட்டனாரின் பற்றுக் கணக்கை எடுத்துக் காட்டினார். தொகைகள் பழைய சீன வணிகர் எண்களில் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை வெறும் நிற்கும் கோடுகள். வாடிக்கையாளர் பெயர்களை அவர் மாண்டரின் ஒலியில் வாசித்தபோது ஒன்றுகூடத் தமிழாகத் தோன்றவில்லை. உள்ளே அமர்ந்திருந்த அவருடைய பெரியம்மா அதே எழுத்துகளைத் தியோச்சூ என்னும் தென்சீனப் பேச்சுமொழியில் வாசித்தார். 'மாரி', 'காளி' என்று லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெயர்கள் எழுந்து வந்தன. கடன் வைத்தவர்களில் நம் தாத்தா இல்லை. எனக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. பேரேட்டில் அந்த எண்ணுக்கு அடுத்த வரியில் அவர் மனைவியின் பெயர் இருக்கிறது. இனம் என்ற கட்டத்தில் 'தெலுங்கு' என்று எழுதியிருக்கிறார் தோட்டத்து எழுத்தரான கிராணி. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பம் என்று சொல்லி வந்தவர்கள். லயத்திலும் பள்ளியிலும் தமிழே பேச்சாக இருந்த இடத்தில், அந்த அம்மாளின் மொழி சந்தடியில்லாமல் அடங்கியிருக்க வேண்டும். தாத்தாவின் பெயரைத் துரையும் பிறரும் சிதைத்ததைவிட, எங்கள் வீட்டிலேயே ஒரு மொழி கேட்பாரற்றுப் போனதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முற்றிலும் போகவில்லை என்றும் தோன்றுகிறது. அத்தை சிறுவயதில் அந்த அம்மாளிடம் கேட்ட தாலாட்டை இன்றும் பாடுவார். நம் பாட்டுகளைப் போல அதில் 'ஆராரோ' வருவதில்லை. 'ஜோ ஜோ' என்று தொடங்கும். குழந்தையைக் கொஞ்சும் வெற்றொலி என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம். உங்கள் அம்மா பாகான் டத்தோவில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லவா? வரும் சனிக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு தைப்பிங் வரலாமா? இரண்டாம் அடியின் நடுவில் அத்தைக்குச் சொற்கள் மறந்துபோய், மெட்டை மட்டும் முணுமுணுத்துக் கடக்கிறார். அந்த இடத்தை அம்மா பாடிக் காட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்