மறந்தேன் என்றே பாடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இந்தியாவிலிருந்து இலங்கை மலைத்தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களின் பாட்டை நீ பாடி அனுப்பியது கிடைத்தது. அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, சளி கட்டினாற்போல ஒரு கம்மல் மட்டும். வெந்நீர் குடி. சங்கத்து விழாவில் பாடப் போவதாகவும், அங்கே கேட்டவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வதாகவும், எது சரி என்றும் கேட்டிருந்தாய். கேட்டதெல்லாம் பாட்டைப் பற்றித்தான். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இருக்கட்டும், கேட்டதற்கே பதில் எழுதுகிறேன். போனில் இவ்வளவும் சொல்ல முடியாது, பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள்.

முதலில் பாட்டை வாயில் வருகிறபடியே தாளில் எழுதி வைத்துக்கொள்:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பன தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாய நா மறந்தேன்

'ஒற்றைப்பனை', 'பெற்ற தாயை' என்று திருத்தாதே. திருத்தினாலும் எதுகை நிற்கும், ஆனால் பாடுகிறவள் மாறிவிடுவாள். லயத்துக்காரி, தோட்டத்து வரிசை வீட்டில் கிடக்கிறவள், போய் மேடைப் பேச்சாளர் வந்து நிற்பார்.

ஊரான ஊர் என்றால் ஊர் ஊராக இழந்தது என்று உங்கள் சங்கத்தில் ஒருவர் சொன்னதாகச் சொன்னாய். அது பொருந்தாது. 'ஊரான ஊரெல்லாம் தேடினேன்' என்று 'எல்லாம்' கூட வந்தால்தான் பல ஊர் ஆகும். இங்கே அது இல்லை. அடுத்த அடியிலேயே 'ஒத்த' வந்து நிற்கிறது. ஊர் என்று சொல்லத் தகுந்த ஒரே ஊர், அது போய்விட்டது, அவ்வளவுதான்.

இரண்டாம் அடியில்தான் எல்லாரும் முட்டிக்கொள்வது. பனை ஒன்றுதான் என்றால் அது எப்படித் தோப்பாகும்? மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தோப்புக்கே ஒத்தப்பனைத் தோப்பு என்று பேர் என்பது ஒன்று. நம்மவர்கள் விட்டு வந்த ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமெல்லாம் தனித்து நிற்கும் மரத்தை வைத்து இடத்துக்குப் பேர் வைப்பது வழக்கம்தான். இருந்த சொத்தே ஒரு பனை, அதைத்தான் தோப்பு என்கிறாள் என்பது இன்னொன்று. மூன்றாவது, ஒத்தப்பனை என்பது நாதியில்லாமல் நிற்கும் ஆளைச் சொல்வது என்பது. ஒத்தப் பனமரமா நிக்கிறேன் என்று அம்மாயி சொல்லுமே, அந்த அர்த்தத்தில்.

இதில் எது சரி என்பதை நீ மூச்சு விடும் இடம் தீர்மானிக்கும். 'ஒத்தப்பன' என்று நிறுத்தி மூச்சை வாங்கிக்கொண்டு 'தோப்பிழந்தேன்' என்று எடுத்தால், பனை வேறு தோப்பு வேறு, இரண்டும் போனது என்று கேட்கிறவனுக்குப் படும். நீ அனுப்பியதில் அங்கேதான் மூச்சு வாங்குகிறாய். ஒரே மூச்சில் சேர்த்துப் பாடினால்தான் ஒத்தப்பனைத் தோப்பு என்று ஒன்றாக நிற்கும். முதல் அடி முடிந்ததும் நெஞ்சு நிறைய மூச்சை எடுத்துக்கொள், இரண்டாம் அடியை உடைக்காமல் முடி. எனக்கு இரண்டாவது அர்த்தம்தான் சரியாகப் படுகிறது. பனை விதை போட்டால் பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் பலனுக்கு வரும். போட்டவன் தின்பது நிச்சயமில்லை. நுங்கு, பதனீர், கருப்பட்டி, கிழங்கு, கூரைக்கு ஓலை என்று ஒரு மரத்தை வைத்தே ஒரு குடும்பம் பாதி வயிறு கழுவலாம். அப்படி ஒரு மரத்தை உடையவள் அதைத் தோப்பு என்று சொல்வது மிகை இல்லை. அதோடு, பனை இந்தக் குளிருக்கு வராத மரம். வந்து சேர்ந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படாத ஒன்றைத்தான் தேடிப்பிடித்து இழந்தேன் என்கிறாள். நெல்லையோ கிணற்றையோ சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கண்டி என்றதும் தலதா மாளிகை இருக்கிற டவுன் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஊர்களில் இலங்கை மலைநாடு முழுவதும் கண்டிச்சீமைதான். அட்டனில் கிடந்தாலும் பதுளையில் கிடந்தாலும் கண்டிக்குப் போனவர்கள்தான். பேரான கண்டி என்பதில் ஊருக்குப் பேர் என்று எதுகை சேர்ந்தது வாஸ்தவம், ஆனால் எதுகைக்காக மட்டும் வந்த சொல் அல்ல அது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்தார்களே, அந்தப் பேர். கேள்விப்பட்ட பேரை நம்பி வந்தவள், வந்த பிறகும் அந்தப் பேரைச் சொல்லியே அழைக்கிறாள். அதைக் கேலியாகப் பாடாதே, சிலர் அப்படிப் பாடி கைதட்டல் வாங்குகிறார்கள். 'பேரான' என்பதை அழுத்தாமல் கடந்து போ.

அங்கே ரொம்பக் குளிர் என்று பேப்பரில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. தொண்டைக்கு அதுதான் முக்கியம்.

இனி நாலாவது அடி. மற்ற மூன்றும் இதற்காக வந்தவை. மூன்று விதமாகப் பாடக் கேட்கலாம். 'பெத்த தாய நா மறந்தேன்' என்பது ஒன்று. 'பெத்த தாயே நா மறந்தேன்' என்று ஏகாரம் போட்டு இழுப்பது ஒன்று. அப்படி இழுத்தால் தாயை விளித்து, தாயே நான் மறந்துவிட்டேன் என்று சொல்வதாகிவிடும், எதை மறந்தாள் என்ற கேள்வி மிச்சம் நிற்கும். மூன்றாவது 'பெத்த தாய நானிழந்தேன்'. இழவு வீட்டு ஒப்பாரியாகப் பாடுகிறவர்களுக்கு இது வசதி. ஊரிலிருந்து கடிதம் வரும், தாய் செத்து மாசமாகியிருக்கும், அப்போது இழந்தேன் என்று பாடுவது இயல்புதான். மூன்று இழந்தேன் வரிசையாக வந்து ஒழுங்காகவும் இருக்கும்.

அந்த ஒழுங்குதான் எனக்குப் பிடிக்கவில்லை, பாப்பா. ஊரும் தோப்பும் போனதற்கு இழந்தேன் என்கிறாள். மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது, கடன் ஏறியது, போயின. தாய்க்கு வரும்போது காது மூன்றாவது இழந்தேனுக்குக் காத்திருக்கிறது. அவள் அதைத் தரவில்லை. பஞ்சத்தின்மேலும் போடவில்லை, ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணிமேலும் போடவில்லை, மறந்தேன் என்று தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாள். நீ மறந்தேன் என்றே பாடு. யார் திருத்தினாலும் கேளாதே.

இதைக் கேட்டுவிட்டு, பெற்றவளை மறந்த பாவி என்று அவளைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நீயும் கடைசியில் 'அவள் ஏன் மறந்தாள் அப்பா' என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் மறக்கவில்லை. போக முடியவில்லை. தோணிக் கூலி, வழிச்சோறு, கம்பளி எல்லாம் கங்காணி கணக்கில் பற்று எழுதித்தான் கூட்டி வந்தார்கள். மலைக்கு வந்து சேர்ந்த அன்றே கடன்காரி. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்த காலத்தில், வாந்திபேதியில் விழுந்தவர்களைப் போட்டுவிட்டே மற்றவர்கள் நடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ரயிலோடு சேர்த்து வந்த பிறகு வழி சுலபமானது, கடன் சுலபமாகவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவே துண்டு வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் ஆளை விடலாம் என்று எழுதிய சீட்டு அது. சொல்லாமல் போனால் ஜெயில். 1921இல்தான் துண்டு ஒழிந்தது. கோப்பிக் காலத்தில் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினவர்கள் நிறைய. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அது அழிந்து தேயிலை வந்த பிறகு அதுவும் இல்லை. தேயிலை வருஷம் முழுக்கத் துளிர்க்கும், இந்த வாரம் எடுத்த மலைக்கு அடுத்த வாரமே மறுபடி கூடையோடு போயாக வேண்டும். போய்வர வழியில்லாதவள், ஒரு நாள் தாய் முகத்தை நினைத்துப் பார்க்கிறாள், சட்டென்று வரவில்லை. அந்தப் பயத்தில் வந்த வார்த்தை மறந்தேன். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பாட்டை அதன் பக்கத்துப் பாட்டோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் பிடிபடும். தனியாக எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தால் யோசிக்கிறவன் மனசுதான் தெரியும். இதையும் வைத்துப் பார்:

பாதையிலே வீடிருக்க
பழனிச்சம்பா சோறிருக்க
எரும தயிரிருக்க
ஏண்டி வந்தே கண்டிச்சீம

இது வேறொருத்தி கேட்பது. வீடு, சோறு, தயிர், எல்லாம் இருந்தும் ஏன் வந்தாய் என்று. கேட்கிறவளும் வந்தவள்தான் என்பதை மறந்துவிடாதே, அவளும் இதே லயத்தில் இருந்துதான் கேட்கிறாள். நம் பாட்டுக்காரி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல இருக்கிறது, ஆனால் ஏன் வந்தேன் என்று சொல்லவே இல்லை. வந்த பிறகு என்ன ஆனது என்றுதான் சொல்கிறாள். 'அண்ணனைத் தோத்த மலை அந்தா தெரியுது பார்' என்று முடிகிற கோப்பிப் பாட்டும் அப்படித்தான். அதில் மலை என்றால் தூரத்து நீல மலை என்று நினைக்காதே. இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று காலையில் ஆள் கூடும் பிரட்டில் கேட்கிறோமே, அந்த மலை. அண்ணனைப் பறிகொடுத்த இடம் தினமும் கண்ணெதிரே கிடக்கிற வேலைக்காடு. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாட்டுகளைத் தேடித் தொகுத்திராவிட்டால் பாதி நம் காதுக்கு வந்திருக்காது.

கோத்தகிரி சித்தப்பா வீட்டில் இந்தப் பாட்டுக்கு அர்த்தமே தலைகீழ். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதிய 525,000 பேரில் அவர்களும் சேர்த்தி. ஒப்பாரிக் கோச்சியில், அழுதுகொண்டே ஏறிய அந்த ரயிலில், போனவர்களுக்கு இழந்த ஊர் கண்டிதான். 'பேரான கண்டியிலே' என்று வரும்போது அவர்களுக்குத் தொண்டை அடைக்கும், பனை வரும்போது அடைக்காது. இரண்டையும் தவறு என்று சொல்லாதே. விழாவில் யாராவது அப்படிச் சொன்னால் வாதாடாமல் கேட்டுக்கொள்.

பாடும் முறைக்கு வருகிறேன். தப்பு மேளம் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். இசைக்கு ஆள் வைத்தால் நாலாவது அடிக்குக் கீழே சோகமாக ஒன்றை வாசித்துவிடுவார்கள், வார்த்தை அமுங்கிவிடும். உன் கட்டைக்கு ஒரு படி கீழே எடு, மேலே எடுத்தால் 'கண்டியிலே' உடையும். 'நா' என்பதை 'மறந்தேன்' உடன் ஒட்டாதே, ஒட்டினால் 'நாம்' என்று விழும். 'நா' சொல்லி அரை நொடி நிறுத்தி, பிறகு 'மறந்தேன்'. முன்னுரை சொல்லாதே. பாடி முடித்து, இரண்டாம் முறையும் பாடி, வேண்டுமானால் அதன்பிறகு அர்த்தம் சொல். முதலிலேயே சொன்னால் நீ சொன்னதைத்தான் கேட்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள்.

அழுதுகொண்டு பாடாதே. நீ அனுப்பியதில் 'பெத்த தாய'வில் குரல் நின்று, பிறகு எடுக்கிறாய். அது பாட்டுக்காக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். நம் ஊரில் பிரட்டுக் கலைக்கிற நேரத்தில் உன் செய்தி வந்தது. அங்கே அது நடுச்சாமம். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளை இருந்தால் டிவியாவது ஓடும். வேலை மாற்றி ராத்திரி ஷிப்ட் ஆக்கிவிட்டார்களோ என்று அம்மா கேட்டாள், இருக்கலாம் என்றேன். நடுச்சாமத்தில் விழித்திருந்து பாடாதே. தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னை நினைத்து எனக்குப் பெருமைதான். அங்கே போயும் நீ தேடி எடுத்தது இந்தப் பாட்டை. இங்கே பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பதில் எழுத வேண்டாம். அவளுக்குத் துண்டு இருந்தது, கடன் இருந்தது, போக முடியவில்லை. உனக்கு எதுவும் இல்லை. கல்யாணத்துக்குச் செலவானது கடன் இல்லை, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரிடமும் காரணம் சொல்லாமல் வரலாம். பெரியம்மா ஏதாவது கேட்டால் அம்மா பார்த்துக்கொள்வாள். முன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறோம், கட்டிலுக்குப் புது மெத்தை போட்டாயிற்று. டிக்கெட்டுக்கு நீ அங்கே யாரிடமும் கேட்காதே, என் இ.பி.எப். பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது.

அம்மாவுக்கு எடுப்பதாக இருந்தால் இங்கே இருட்டுகிற நேரத்தில் எடு, உனக்கு மத்தியானமாக இருக்கும். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயிலுக்குப் போய்விடுவாள். அவளிடம் பாட்டைப் பற்றிப் பேசாதே. கால் எப்படி இருக்கிறது என்று கேள். மறுபடி பாடி அனுப்பு, பகலில்.

இப்படிக்கு,
அப்பா