பிறந்த தேதி இல்லாமல் செந்தில்குமாரைத் தேடுவது எப்படி?

கலிஃபோர்னிய நீதித்துறைப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இம்மாநிலத்தின் 58 கவுண்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றங்களில் ஒன்றில், பதிவேடு கொடுக்கும் கவுன்ட்டர் முன்னால் போன மாதம் ஒரு காலைப் பொழுது முழுக்க நின்றேன். நண்பரின் தம்பிக்குத் துணையாகப் போயிருந்தேன். அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது, பின்னணிச் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. அங்கேதான் சிக்கல். அவர் பெயரிலேயே இன்னொருவர் மீது பழைய குற்ற வழக்கு ஒன்று இருக்கிறது. "அது நான் இல்லை" என்று இவர் காகிதத்தில் காட்ட வேண்டும்.

எங்கள் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊரில் இனிஷியலாக இருந்த அப்பா பெயர் இங்கே வந்ததும் கடைசிப் பெயராகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் விழுந்திருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குரிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. சிலருக்கு ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும். செந்தில்குமாரைச் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம். பிரித்துவிட்டால் குமார் கடைசிப் பெயராகி, இந்தியாவிலிருந்து வந்த அத்தனை குமார்களோடும் வரிசையில் நிற்பார். இப்படிப்பட்டவர்களைப் பிரித்துக் காட்ட ஒரே வழி பிறந்த தேதிதான்.

வழக்குகளைத் தேட நீதிமன்றம் வைத்திருக்கும் மின்வழிப் பெயர்ப் பட்டியலில் பிறந்த தேதியும் ஓட்டுநர் உரிம எண்ணும் இடம்பெறக் கூடாது என்பது நீங்கள் வகுத்த 2.507-ஆம் விதி. ரிவர்சைடு கவுண்ட்டி நீதிமன்றம் அவற்றைத் திரையில் காட்டவில்லை. ஆனால் அவற்றை உள்ளிட்டுத் தேட விட்டது. சிறை சென்று மீண்டவர்களின் அமைப்பான 'ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்' வழக்குத் தொடுத்தது. அப்படித் தேடவிடுவதும் விதிக்கு முரண் என்று 2021 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸும் 2024-இல் அதே வழிக்கு வந்தது. பிறந்த தேதியை வைத்துத் தேட மறுபடி வழிவிட முயன்ற மசோதாவை 2022-இலேயே ஆளுநர் நிராகரித்திருந்தார்.

அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. தண்டனையை அனுபவித்து முடித்த ஒருவரை, எங்கிருந்தோ ஒரு பின்னணிச் சரிபார்ப்புக் கம்பெனி ஒரு சொடுக்கில் தோண்டியெடுத்து வேலையைப் பறிப்பது நியாயமில்லை. ஆனால் அந்தக் கம்பெனி தேடுவதை நிறுத்திவிடவில்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறது, கிடைத்ததை அப்படியே பட்டியலாக அனுப்பிவிடுகிறது. பழைய குற்றவாளிக்குக் கொடுத்த திரை, குற்றமே செய்யாதவன் முகத்தில் விழுகிறது.

நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்தது என்பதில் இந்த மாநிலத்துக்குப் பெருமை உண்டு. ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் மீது அவருடைய முன்னாள் துணைவி சோண்ட்ரா லாக் தொடுத்த வழக்கில் நீதிபதி கதவைச் சாத்தப் போய், சிவில் விசாரணையும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்று 1999-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. நடிகரின் வழக்குக்குத் திறந்த கதவு எங்களுக்கும் திறக்கத்தான் செய்தது. நகலுக்குப் பக்கம் 50 சென்ட், தேட 10 நிமிடத்துக்கு மேலானால் 15 டாலர், சான்றளிக்க 40 டாலர். எல்லாம் கட்டினோம். கைக்கு வந்த நகலில் பிறந்த தேதியை மட்டும் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். (ஆர்.டி.ஐ. போட வேண்டியதுதானே என்று ஊரிலிருந்து மாமா கேட்டார். இங்கே பொது ஆவணச் சட்டம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

கவுன்ட்டரில் இருந்த அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். தம்பியின் உரிமத்தை வாங்கிப் பார்த்தார், தன் திரையையும் பார்த்தார். "இது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அதை எழுதித் தர என்னிடம் படிவம் இல்லையே" என்றார்.

நான் கேட்பது அந்தப் படிவத்தைத்தான். தேடல் பெட்டியில் பிறந்த தேதியை மறுபடி கொண்டுவரச் சொல்லவில்லை. ஒருவர் தன் அடையாள அட்டையோடு நேரில் வந்து கேட்டால், இந்த எண்ணுள்ள வழக்கு இவருடையது அல்ல என்று முத்திரையிட்டு ஒரு தாள் தரட்டும். வழக்குக்குரியவரின் பிறந்த தேதி அதில் இருக்க வேண்டாம். 58 கவுண்ட்டிகளுக்கும் ஒரே படிவம், இலவசமாக. நீதிமன்றங்களுக்கான படிவங்களை வகுப்பது உங்கள் அன்றாட வேலை. இதற்காகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தம்பிக்கு வேலை கொடுக்கும் கம்பெனி வைத்த கெடு இன்னும் ஒன்பது நாள்.

இப்படிக்கு,
கவுன்ட்டரில் துணைக்கு நின்றவன்