தடுப்பூசி அட்டவணை: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம் பெற்றோர்களே.

பிறந்த குழந்தைக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) ஊசி தேவையில்லை என்று ஒரு செய்தி நம் குழுவில் சுற்றுகிறது. அது அமெரிக்காவின் பரிந்துரையை வைத்துக் கிளம்பிய செய்தி. தாய்க்குக் கிருமி இல்லையென்றால் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்று 2025 டிசம்பரில் அங்கே மாற்றினார்கள். தடை செய்யவில்லை. நாம் பின்பற்றுவது மலேசிய சுகாதார அமைச்சின் அட்டவணை. இங்கே 1989 முதல் அந்த ஊசி உண்டு. பிறக்கும்போது இக்கிருமி தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு நாட்பட்ட நோயாகிவிடும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நம் அட்டவணையும் 2020 கடைசியில் மாறியது: ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி வந்தது, நிமோனியா போன்ற நோய்களைத் தடுக்கும் நிமோகோக்கல் ஊசியும் சேர்ந்தது. அதனால் அக்காவின் கிளினிக் புத்தகமும் தம்பியின் புத்தகமும் ஒன்றுபோல இருக்காது. பயப்பட வேண்டாம்.

சந்திப்பு: 19.4.2026, ஞாயிறு, மாலை 4 மணி, தமிழ்ப்பள்ளி மண்டபம். நம் தாமானில் இருக்கும் ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி) விளக்குவார்.

1. குழந்தையின் கிளினிக் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள்.
2. ஊசி விட்டுப்போயிருந்தால் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் கிளினிக்கில் கேளுங்கள். தொடர்ந்து போடலாம்.
3. முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
4. வந்த செய்தியை அப்படியே மற்ற குழுக்களுக்கு அனுப்பாதீர்கள்.

வருபவர்கள் வெள்ளிக்குள் பெயரும் பிள்ளையின் வயதும் இங்கே எழுதுங்கள். கேள்விகள் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்பலாம். வண்டி இல்லாதவர்களும் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம்.